புது வலைப்பூ: பார்வை எண்ணிக்கை ஏறுகிறது, வாசகர் யாரென்று தெரியவில்லை

மாடிக்கத்தரி:

வணக்கம் நண்பர்களே. மாடித்தோட்டம் பற்றி பிளாகரில் ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கிறேன். மண்கலவை, தொட்டி அளவு, கத்தரி, மாவுப்பூச்சி, ஆடிப்பட்டத்தில் எதை விதைக்கலாம் என்று கொஞ்சம் இடுகைகள் சேர்ந்துவிட்டன. பிளாகரின் புள்ளிவிவரப் பக்கத்தில் தினமும் 40, 50 பார்வைகள் காட்டுகிறது. சில நாள் திடீரென்று 300-ஐத் தாண்டுகிறது. நாடுகளில் சிங்கப்பூர் முதலிடம், அடுத்து அமெரிக்கா, அதற்கப்புறம்தான் இந்தியா. பின்னூட்டங்களோ விரல்விட்டு எண்ணலாம், அதிலும் பாதி "அருமை", "நல்ல பதிவு".

யார் படிக்கிறார்கள், எங்கிருந்து படிக்கிறார்கள், என்ன தேடி வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து எதை எழுதுவது என்று முடிவு செய்ய முடியும். எந்தக் கருவியை நம்பலாம்? சிங்கப்பூர்க் கணக்கு உண்மையா? வாசகர்களைப் பேச வைக்க என்ன செய்யலாம்? வாட்ஸ்அப்பில் பகிர்வதுதான் அதிகம், அங்கிருந்து வருபவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

---

எண்கணக்கு:

பிளாகர் காட்டும் எண் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்குதான், வாசகர் எண்ணிக்கை அல்ல. தேடுபொறியின் பாட் (தானாக வந்து பக்கத்தைத் திறக்கும் நிரல்), பக்கத்தைப் பிரதியெடுக்க வரும் பாட், நீங்களே பிழை திருத்தத் திறந்தது எல்லாம் அதில் கலந்திருக்கும். உங்கள் பார்வையை எண்ணாதே என்று சொல்ல அங்கேயே ஒரு தேர்வு உண்டு. ஆனால் அது அந்தந்த பிரவுசரில் வைக்கப்படும் குக்கி. மடிக்கணினியில் போட்டால் மொபைலுக்குப் பொருந்தாது, குக்கியை அழித்தால் மறுபடி எண்ணத் தொடங்கிவிடும். 'எங்கிருந்து வந்தார்கள்' பட்டியலில் சம்பந்தமில்லாத விசித்திரமான தளப் பெயர்கள் இருந்தால் சொடுக்கிப் பார்க்காதீர்கள். நீங்கள் சொடுக்க வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்படும் போலி வருகை அது.

சிங்கப்பூர் விஷயம் தமிழ்ப் பதிவர்களை எளிதில் ஏமாற்றும். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் நம்பத் தோன்றும். ஆனால் பெரிய கிளவுட் நிறுவனங்களின் தரவு மையங்களும் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்கக் கணக்கும் அப்படித்தான். ஊர் வாரியாகப் பார்க்கும்போது ஆஷ்பர்ன், போர்ட்மேன், கவுன்சில் பிளஃப்ஸ் என்று வந்தால் மூன்றுமே தரவு மையங்களுக்குப் பேர்போன ஊர்கள். உங்கள் கத்தரிச்செடியைப் பற்றி அங்கே யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை.

பிரித்தறிய, வருகையை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வேண்டும். கணக்கு தொடங்கி, 'ஜி' எழுத்தில் ஆரம்பிக்கும் மெஷர்மென்ட் ஐடியை பிளாகர் அமைப்புகளில் அதற்கென்று உள்ள பெட்டியில் ஒட்டுங்கள். அறிக்கைகள் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும். வேலை செய்கிறதா என்று உடனே பார்க்க ரியல்டைம் பக்கம் போதும், கடைசி 30 நிமிடம் அதில் தெரியும். பயனர் அளவிலான தரவு 2 மாதம்தான் வைக்கப்படும் என்பது இயல்பு அமைப்பு. அட்மின் பகுதியில் டேட்டா ரிடென்ஷனுக்குப் போய் 14 மாதமாக முதல் நாளே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் போன ஆடிப்பட்டத்தையும் இந்த ஆடிப்பட்டத்தையும் எக்ஸ்ப்ளோர் அறிக்கையில் ஒப்பிட முடியாது.

இனி சிங்கப்பூர் வரிசையை எடுத்து நான்கு விஷயம் பாருங்கள்: சராசரி ஈடுபாட்டு நேரம், மணி வாரியான வருகை, மொபைலா கணினியா, எந்த இடுகை. மனிதர்கள் என்றால் பெரும்பாலும் மொபைல். அவர்கள் ஊர் நேரப்படி மாலையில் ஏறும், பின்னிரவில் இறங்கும். ஒரு இடுகையில் ஒன்றிரண்டு நிமிடம் நிற்பார்கள். பாட் என்றால் 24 மணி நேரமும் ஒரே மட்டத்தில் ஓடும் அல்லது ஒரே மணியில் கொட்டும், கணினி என்று காட்டும், ஈடுபாடு பூஜ்யம், பழைய இடுகைகளையெல்லாம் வரிசையாகத் தொட்டுப் போகும். அறியப்பட்ட பாட்களை அனலிட்டிக்ஸ் தானே கழித்துவிடும். அதையும் தாண்டிச் சில நுழையும் என்பதால்தான் இந்தச் சோதனை.

நீங்கள் தினமும் பார்க்க வேண்டிய எண் 'என்கேஜ்டு செஷன்ஸ்'. ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கங்களாவது பார்த்தாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த ஒரு செயலைச் செய்தாலோ அது எண்ணப்படும். கூடவே 'ஸ்க்ரோல்' என்ற நிகழ்வும் தானாகப் பதிவாகும். பக்கத்தின் 90 சதவீத ஆழம்வரை இறங்கினால்தான் அது ஓடும். பிளாகரில் இடுகைக்குக் கீழே பின்னூட்டம், 'பிரபல இடுகைகள்' என்று நீளமாகத் தொங்கினால் கட்டுரையை முழுதும் படித்தவர்கூட 90-ஐத் தொடமாட்டார். அடிப்பகுதியைச் சுருக்கிவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

ஊர்ப்பெயரை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். மொபைல் நிறுவனத்தின் ஐபி முகவரி எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்தான் தெரியும். தேனியில் இருப்பவர் சென்னை என்றும், சில சமயம் பெங்களூரு என்றும் வருவார். நாடு அளவுக்கு நம்பலாம், மாவட்ட அளவுக்குக் கூடாது. வயது, பால் அறிக்கைகள் சின்னத் தளத்துக்குப் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி கூகுள் மறைப்பதால் வருவது அது, உங்கள் அமைப்பில் கோளாறில்லை.

---

தேடுசொல்:

மேலே சொன்னது 'எத்தனை பேர்' என்பதற்கு. 'என்ன தேடி வந்தார்கள்' என்பதற்கு, கூகுள் தேடலில் உங்கள் தளம் எந்தச் சொற்களுக்கு வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல்தான். பிளாகர் வைத்திருக்கும் அதே கூகுள் கணக்கில் திறந்தால் உரிமை சரிபார்ப்பு பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். இடுகைகளின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பைச் சேர்த்துவிட்டு விட்டுவிடுங்கள், உறுதியான எண்கள் இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும். 16 மாதத் தரவு இருக்கும்.

தமிழ் வலைப்பூவுக்கு இதில் ஒரு தனி வேலை இருக்கிறது. நம் ஆட்கள் பாதிப்பேர் தமிழ் எழுத்தில் தேடுவார்கள், மீதிப்பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க, தேடுசொல் வடிகட்டியில் ரீஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) தேர்ந்தெடுத்து [அ-ஹ] என்று கொடுங்கள். தமிழ் எழுத்து ஒன்றாவது உள்ள தேடல்கள் மட்டும் வரும். 'பொருந்தாதவை' என்று மாற்றினால் ஆங்கில எழுத்துக்காரர்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆங்கில எழுத்தில் வருபவர்கள் எழுதும் அந்தச் சொல்லை இடுகையின் முகவரியில் வைத்தால் போதும், கட்டுரைக்குள் திணிக்க வேண்டாம்.

முகவரி என்றதும் ஒன்று. தலைப்பு தமிழில் மட்டும் இருந்தால் பிளாகர் அதை முகவரியாக மாற்றாது. 'பிளாக்-போஸ்ட்' என்று போட்டு, அடுத்தடுத்த இடுகைகளுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். பிறகு அறிக்கையில் எது மாவுப்பூச்சி, எது மண்கலவை என்று கண்டுபிடிக்கவே முடியாது. வெளியிடும் முன்பே பெர்மாலிங்கைக் கையால் கொடுங்கள். வெளியிட்டபின் மாற்ற வேண்டுமானால் இடுகையை வரைவுக்கு இறக்க வேண்டும், அதற்குள் வாட்ஸ்அப்பில் போன பழைய இணைப்பெல்லாம் செத்துவிடும். வேறு தளங்களில் முகவரியிலேயே தமிழ் வைக்க முடியும், ஆனால் பகிரும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல் மட்டுமே 45 எழுத்தாகிவிடும். குழுவில் அதைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் இணைப்பு என்று தொடமாட்டார்.

தேடுசொல்லை வாசகரின் கேள்வியாகப் படியுங்கள். உங்கள் மாவுப்பூச்சி இடுகைக்கு 'வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும்' என்ற மாதிரியான தேடல்கள் வரும். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி அவருக்கு இப்போது வேண்டாம். செடி வெள்ளையடித்துக் கிடக்கிறது, கையில் பாட்டில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், தெளிப்பது மாலையில், வெயிலில் தெளித்தால் இலை கருகும். இவ்வளவும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். விளக்கம் அடுத்து வரட்டும்.

இன்னொன்று: தேடல் முடிவில் முதல் பக்கத்தில் வந்தும் யாரும் சொடுக்கவில்லை என்றால் குறை தலைப்பில். நாற்பதாவது இடத்தில் வந்து சொடுக்கு இல்லை என்றால் தலைப்பைத் தொடாதீர்கள், உங்களை இன்னும் யாரும் பார்க்கவேயில்லை. அபூர்வமான தேடல்களை கூகுள் மறைத்துவிடும் என்பதால் பட்டியலின் கூட்டுத்தொகை மேலே உள்ள மொத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். புதுத் தளத்தில் இந்த இடைவெளி பெரிதாகவே தெரியும்.

---

பழைய பதிவர்:

நண்பர்கள் எண்ணைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பின்னூட்டம் பற்றி.

பல வலைப்பூக்களின் புது இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் புதுப் பதிவரின் முதல் வாசகர்கள் பெரும்பாலும் சக பதிவர்கள்தான். "வந்தேன், படித்தேன், அருமை", கீழே "த.ம. 2" என்று ஓட்டுக் கணக்கு. நம்மூர் மொய் மாதிரி, இவர் அங்கே வைத்தால் அவர் இங்கே வைப்பார். அந்த உற்சாகத்தால் எத்தனையோ பேர் தொடர்ந்து எழுதினார்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உங்களுக்கு வரும் "அருமை"களுக்கும் ஒரு நன்றி போட்டுவிடுங்கள். ஆனால் செடி வளர்க்கிறவர் எழுதும் பின்னூட்டம் வேறு மாதிரி இருக்கும். "பூ வருது, காய் பிடிக்கல" என்று ஒரே வரி. எழுத்துப்பிழையோடு, பெயர் போடாமல். உங்கள் முதல் வாசகர் அவர்தான்.

அவர் எழுத முடியாமல் போவதற்குக் காரணம் பல நேரம் உங்கள் அமைப்புதான். பின்னூட்டத்துக்கு கூகுள் கணக்கு கட்டாயம் என்று வைத்திருந்தால், ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறந்து படிப்பவர் உள்நுழையவே முடியாது. செயலிக்குள் இருக்கும் பிரவுசரில் உள்நுழைவதை கூகுள் தடுத்து வைத்திருக்கிறது. பெட்டி இடுகைக்குக் கீழேயே பதிக்கப்பட்டிருந்தால் சஃபாரி, ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களில் மூன்றாம் தரப்பு குக்கி தடையால் எழுதியது மறைந்துவிடும், அல்லது திரும்பத் திரும்ப உள்நுழையச் சொல்லும். 'யார் வேண்டுமானாலும்' என்று திறந்துவிடுங்கள், பெட்டியைத் தனிப் பக்கமாகவோ பாப்-அப் ஆகவோ மாற்றுங்கள், மட்டுறுத்தலை (வெளியாகும் முன் நீங்கள் பார்த்து அனுமதிப்பதை) 'எப்போதும்' என்று வையுங்கள். எரிதம் (ஸ்பேம்) வரும், தினமும் இரண்டு முறை பார்த்து நீக்கினால் போதும். அமைப்பை மாற்றியதும் வேறு மொபைலில், உள்நுழையாமல் ஒரு சோதனைப் பின்னூட்டம் போட்டுப் பாருங்கள்.

பெயரில்லா வாசகருக்கு நீங்கள் பதில் போட்ட தகவல் போய்ச் சேராது. அவராகத் திரும்பி வந்தால்தான் உண்டு. அதனால் பதிலைப் பின்னூட்டத்தில் மட்டும் விடாமல் இடுகையின் உள்ளேயே 'வாசகர் கேட்டது' என்று ஒரு பத்தியாகச் சேருங்கள்.

பதில் எப்படி இருக்க வேண்டும்? "பூ வருது, காய் பிடிக்கல" என்பவரிடம் உடனே மருந்து சொல்லாதீர்கள். மூன்று கேள்வி: பை அல்லது தொட்டி எத்தனை அங்குலம்? நேரடி வெயில் எத்தனை மணி நேரம்? கடைசியாகப் போட்ட உரம் என்ன, எப்போது? கத்தரியில் பூ உதிர்வதற்குக் கடும் வெப்பம், தண்ணீர் சீராக இல்லாமை, தழைச்சத்து மிகுதி என்று காரணம் பல. அதோடு குட்டைச் சூலகத் தண்டுள்ள பூக்கள் இயல்பாகவே காய் பிடிக்காது. அவர் தரும் விடையில்தான் அவர் யார் என்பதும் தெரியும்: வாடகை வீட்டு பால்கனியா, சொந்த மொட்டை மாடியா, நாள் முழுதும் வேலைக்குப் போகிறவரா. எந்த வரைபடமும் இதைச் சொல்லாது.

இடுகையின் கடைசியில் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று போட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே வார்த்தையில் விடை சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். "உங்கள் கத்தரி எத்தனை அங்குலப் பையில் இருக்கிறது?" என்றால் '12' என்று தட்டிவிட்டுப் போவார். அந்த '12'தான் பேச்சுக்குத் தொடக்கம்.

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள்: என்ன கேட்டார், எங்கே வளர்க்கிறார், என்ன பதில் சொன்னோம். மறுபடி வந்தால் "போன தடவை மிளகாய் பற்றிக் கேட்டீர்களே, இலைச் சுருட்டல் நின்றதா?" என்று கேட்க முடியும். அப்படிக் கேட்கப்பட்ட வாசகர் போகமாட்டார்.

---

மாடிக்கத்தரி:

மிக்க நன்றி. சிங்கப்பூர் வரிசையைப் பார்த்தேன், எண்கணக்கு சொன்ன மாதிரியே கணினி, ஈடுபாடு பூஜ்யம். அதைக் கழித்தால் மலேசியா, அமீரகம், கனடா என்று சிறு எண்களில் நிஜமாக நின்று படிக்கும் ஆட்கள் தெரிகிறார்கள். வாட்ஸ்அப் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும். மின்னஞ்சல் சந்தா வைக்கலாமா?

---

ஷார்ஜா வாசகி:

அமீரகம் என்று பார்த்ததும் எழுதுகிறேன். வளைகுடாவில் காய்கறி போடும் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆடிப்பட்ட இடுகையை ஜூலையில் போட்டால் இங்கே வெயிலில் கீரைகூட நிற்காது. அதே இடுகையின் கீழ், "வளைகுடாவில் இருப்பவர்கள் இதை அக்டோபரில் தொடங்குங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் இங்கிருந்து வருகிறவர்கள் தங்களுக்கும் எழுதுகிறார்கள் என்று உணர்வார்கள். கனடாக்காரர்களுக்கு உறைபனி முடிந்து, மே கடைசியில்தான் கத்தரி நாற்று வெளியே போகும். ஆஸ்திரேலியாவுக்குப் பருவமே தலைகீழ். நாடு தெரிந்தால் இப்படித்தான் பயன்படுத்த வேண்டும், பதிவேற்றும் நேரத்தை ஒரு மணி முன்னே பின்னே மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் வராது.

---

எண்கணக்கு:

வாட்ஸ்அப்: அங்கிருந்து வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கூட வராததால் 'டைரக்ட்' என்ற குப்பைக்கூடையில் விழுவார். அதற்குத்தான் யுடிஎம், அதாவது வந்த வழியைச் சொல்ல இணைப்பில் ஒட்டும் குறிகள். பகிரும் இணைப்பின் பின்னால் சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் மூன்றையும் சேர்த்து ஒட்டுங்கள். குடும்பக் குழு, தோட்டக் குழு, குடியிருப்புக் குழு என்று கேம்பெய்ன் பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் குழு படிக்கிறது என்று தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபட்டால் தனித்தனி வரிசையாகும். எல்லாமே சின்ன எழுத்தில் வையுங்கள். உங்கள் இடுகைக்குள் இன்னொரு இடுகைக்குக் கொடுக்கும் இணைப்பில் யுடிஎம் போடவே கூடாது, வந்த வழிக் கணக்கு குழம்பிவிடும். அந்த இணைப்பை வாசகர் முன்னனுப்பினால் குறியும் கூடவே போகும், ஆகவே 'தோட்டக் குழு' என்ற எண்ணில் குழுவுக்கு வெளியே உள்ளவர்களும் இருப்பார்கள். அது நல்ல செய்திதான்.

பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் 256 பேர் வரை. உங்கள் எண்ணைத் தன் மொபைலில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். 'அனுப்பியும் வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இணைப்புடன் ஒட்டி வரும் சிறு விளக்கத்துக்கு, பிளாகர் அமைப்புகளில் தேடல் விளக்கத்தை இயக்கி, ஒவ்வொரு இடுகைக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

---

தேடுசொல்:

மின்னஞ்சல் வைக்கலாம், ஆனால் பிளாகரோடு வந்த பழைய சந்தா வசதி 2021 ஜூலையோடு நின்றுவிட்டது. அதைச் சேர்க்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். பத்துப் பேருக்குள் என்றால் பிளாகர் அமைப்பிலேயே புது இடுகையை அனுப்ப 10 முகவரிகள் வரை கொடுக்கலாம், அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தனிச் சேவை எடுத்தால் தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. 102 கேபியைத் தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 2000 சொல் கட்டுரை என்றால் வெறும் எழுத்தே சுமார் 50 கேபி, வார்ப்புருவின் நிரல் அதன்மேல் ஏறும். வெட்டுப்பட்டால் அடியில் இருக்கும் 'விலகு' இணைப்பும், திறந்தாரா என்று எண்ணும் கண்ணுக்குத் தெரியாத படமும் சேர்ந்தே போய்விடும். விலக வழி தெரியாதவர் 'ஸ்பேம்' அழுத்துவார். முதல் மூன்று பத்தியை மட்டும் அனுப்பி, மீதிக்கு இணைப்புக் கொடுங்கள். ஐபோன் மெயில் செயலி 2021 முதல் படங்களை முன்கூட்டியே இறக்கிவைப்பதால் 'திறந்தவர் சதவீதம்' ஊதித்தான் தெரியும். சொடுக்கியவர், பதில் எழுதியவர் இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். அனுப்புநர் முகவரியில் 'பதில் அனுப்பாதீர்' வகைப் பெயர் வேண்டாம்.

---

கீழ்த்தளம்:

ஒரு மாற்றுக் கருத்து. இத்தனை கருவியும் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிஜ வாசகர் வரும் தளத்துக்கு அதிகம். சர்ச் கன்சோலும் பின்னூட்டப் பெட்டியும் சரியாக இருந்தால் இப்போதைக்குப் போதும். அனலிட்டிக்ஸை நிறுவி ஓடவிட்டு, வாரம் ஒரு தடவை திறங்கள். சிறு எண்களில் ஒருவர் கூடினாலே சதவீதம் தாறுமாறாகக் குதிக்கும், அதை வைத்துத் தலைப்பை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

படிவம் வைத்து வாசகர் கணக்கெடுப்பு நடத்த நினைத்தால் மூன்று கேள்விக்கு மேல் போகாதீர்கள்: எங்கே, எதில் வளர்க்கிறீர்கள்? கடைசியாக எந்த இடத்தில் தடுமாறினீர்கள்? புது இடுகை வந்தால் எப்படித் தெரிவிக்கலாம்? பெயர், வயது, தொலைபேசி எண் எதையும் கட்டாயமாக்க வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் உங்கள் அடுத்த இடுகைகள்.

வாசகர் அனுப்பும் செடிப் படத்தைக் கேட்காமல் போடாதீர்கள், மாடியைப் பார்த்தே வீட்டை அடையாளம் காணக்கூடியவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் இடக்குறிப்பு நீங்கியிருக்கும். 'டாக்குமென்ட்' ஆக வந்தால் எடுத்த இடம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். அப்படி வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றுங்கள்.